வாக்காளர் இடாப்பும் அரசியற்றிட்டமும்



குருவிட்டயிலிருந்து கொழும்பு நோக்கிச் செல்லும் பெருவீதியில் எகலியகொடையைக் கடந்து அவிசாவளையை அடைந்து, அங்கிருந்து கேகாலை வீதியிலே திரும்பினால் சிறிது நேரத்தில் ருவன்வெல்லை வந்துவிடும். சுற்றிலும் இறப்பர்த் தோட்டங்கள். இந்தச் சிற்றூரின் பெயர் இலங்கையின் அரசியற்றிட்ட வரலாற்றில் நிலையான ஓர் இடத்தைப் பெற்றிருக்கிறது என்பதை நம் தோட்டப்பகுதி மக்களிற் பலர் அறியார். ஒரு மனிதர் தம்முடைய பெயரை வாக்காளர் இடாப்பிலே சேர்க்குமாறு கேட்டார், அவ்வளவுதான். அந்த எளிய விண்ணப்பம் கேகாலையில் தொடங்கி, கொழும்பு உயர் நீதிமன்றத்துக்கு ஏறி, கடல் கடந்து இலண்டனிலே முடிந்தது.

அந்தக் கதையை விளங்கிக்கொள்ள நாம் சற்றுத் தொலைவு சென்று வரவேண்டும்.

1776இல் அமெரிக்காவின் பதின்மூன்று குடியேற்றங்கள் பிரித்தானிய முடியாட்சியை உதறியபோது, அவற்றுட் பெரும்பாலானவை போர் நடந்துகொண்டிருக்கும்போதே தத்தமக்கென அரசியற்றிட்டங்களை எழுதிக்கொண்டன. மசச்சூசெற்ஸ் 1780இலே தன் திட்டத்தைத் தனியொரு பேரவையைக் கொண்டு வரைந்து, ஊர்க்கூட்டங்களின் ஒப்புதலுக்கு விடுத்தது. எல்லா நாடுகளுக்கும் பொதுவாக இருந்த கூட்டிணைப்புத் திட்டமோ வரி விதிக்கும் ஆற்றல்கூட இல்லாத வலுவற்ற அமைப்பு. ஆகவே 1787இல் பிலடெல்பியா நகரிலே கூடி இன்றைய அரசியற்றிட்டத்தை ஆக்கினார்கள். இவை பாடநூல்களில் உள்ள செய்திகள். பாடநூல்கள் விரைவாகக் கடந்துபோகும் நியூ ஜேர்சி என்ற சிறு நாட்டைப் பற்றியே நான் கூற விரும்புகிறேன்.

1776இல் நியூ ஜேர்சி எழுதிய திட்டம், ஐம்பது பவுண் பெறுமதியுள்ள வயதுவந்த குடியிருப்பாளர் யாவருக்கும் வாக்குரிமை உண்டென்றது. ஆண் என்றோ வெள்ளையர் என்றோ அது சொல்லவில்லை. சொத்துள்ள கைம்பெண்களும் மணமாகாத பெண்களும் கறுப்பின மக்களிற் சிலரும் வாக்களித்தார்கள். 1807இலே சட்டசபை சாதாரணச் சட்டமொன்றை இயற்றி, வெள்ளையரான ஆண் குடிமக்களுக்கு மாத்திரமே அவ்வுரிமை என்று சுருக்கிவிட்டது. அரசியற்றிட்டத்தின் எழுத்து மாறவில்லை; அந்த எழுத்துக்கு உரியவர் யார் என்பதே மாறியது.

பிலடெல்பியாவில் எழுதிய திட்டத்திலும் இதே குறை இருந்தது. குடிமக்கள் என்ற சொல் அதிலே வருகிறது. குடிமகன் யார் என்ற விளக்கம் வரவில்லை. 1857இல் திரெட் ஸ்கொட் என்ற அடிமையின் வழக்கிலே, அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் குடிமக்களாக இருக்க முடியாதென அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. அமெரிக்க மண்ணிலே பிறந்தவர் குடிமகன் என்ற விதி திட்டத்திலே ஏறுவதற்கு ஒரு பெரும் உள்நாட்டுப் போரும் 1868ஆம் ஆண்டின் பதினான்காம் திருத்தமும் வேண்டியிருந்தன.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இலங்கை 1948 பெப்ரவரி 4ஆந் தேதி சுதந்திரம் பெற்றபோது நடைமுறையில் இருந்தது சோல்பரி அரசியற்றிட்டம். அதை மக்கள் பேரவை எதுவும் கூடி வரையவில்லை. மந்திரிமார் தயாரித்த நகலும் சோல்பரி ஆணைக்குழுவின் அறிக்கையும் முடியரசின் கட்டளைகளாக உருப்பெற்றன. பிரஜை யார் என்று அத்திட்டம் கூறவில்லை. அயலிலே இந்தியா இதற்கு மாறாக நடந்தது. அதன் அரசியலமைப்பின் குடியுரிமை பற்றிய விதிகள், ஏனைய விதிகள் பெரும்பாலானவற்றுக்கு முன்னரே, 1949 நவம்பர் 26ஆந் தேதி நடைமுறைக்கு வந்துவிட்டன.

ஆயினும் சோல்பரி திட்டத்திலே 29ஆம் பிரிவு என்ற காவல் ஒன்று இருந்தது. ஒரு சமூகத்தவர்க்கு மாத்திரம் இடையூறு விளைக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றலாகாது. இயற்றினால் அச்சட்டம் அந்த அளவுக்குச் செல்லாது என்பது அதன் கருத்து.

1947ஆம் ஆண்டுத் தேர்தலிலே தோட்டத் தொழிலாளர் வாக்களித்தார்கள். இலங்கை இந்தியன் காங்கிரஸைச் சேர்ந்த எழுவர் பாராளுமன்றம் சென்றார்கள். அந்தப் பாராளுமன்றமே மறு ஆண்டு பிரஜாவுரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது! இலங்கையிற் பிறந்திருந்தால் மாத்திரம் போதாது. தந்தையும் இங்கு பிறந்திருக்க வேண்டும், அல்லது பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்திருக்க வேண்டும் என்றது அச்சட்டம். லயத்துக் காம்பராவிலே பிறந்து, பிரட்டுக்குச் சென்று, பால்வெட்டி வாழ்ந்த ஒருவர் தம் தந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கு எங்கே போவார்? பதிவின் மூலம் பிரஜையாவதற்கு 1949இல் வேறொரு சட்டம் வந்தது உண்மையே. ஆனால் அதன்கீழ் எட்டு இலட்சம் பேருக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பித்தும், பிரஜாவுரிமை கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கே. அதே ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டம், பிரஜைகள் அல்லாதார் பெயரை வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கியது.

இந்த நிலையிலேதான் ருவன்வெல்லைத் தொகுதியில் கோடக்கன் பிள்ளை என்பவர் தம் பெயரைச் சேர்க்குமாறு கேட்டார். கலாநிதி என். எம். பெரேரா பாராளுமன்றத்திலே பிரதிநிதித்துவம் செய்த தொகுதி அது. பதிவதிகாரி மறுத்தார். இடாப்பைத் திருத்தும் அதிகாரியான சிவஞானசுந்தரமோ, இச்சட்டங்கள் 29ஆம் பிரிவுக்கு முரணானவை என்று கண்டு, பெயரைச் சேர்க்கலாம் எனத் தீர்த்தார். மாவட்ட மட்டத்து அதிகாரி ஒருவர் பாராளுமன்றத்தின் சட்டத்தைச் செல்லாதென்று சொன்னது சிறிய துணிவன்று. பதிவதிகாரி முதநாயக்க உயர் நீதிமன்றம் சென்றார். 1951இலே அத்தீர்ப்பு தள்ளுபடியாயிற்று. 1953இல் கோமறைக் கழகமாகிய பிரிவி கவுன்சிலும் அதையே உறுதி செய்தது.

நீதிபதிகள் கூறிய நியாயம் யாது? தன் பிரஜைகள் யார் என வரையறுப்பது எந்தச் சட்டசபைக்கும் இயல்பான உரிமை. பிறப்பு, வதிவிடம் போன்ற தகுதிகள் சிலரை விலக்கக்கூடும். அதனால் மாத்திரம் அச்சட்டம் ஒரு சமூகத்துக்கு எதிரானது ஆகிவிடாது என்றார்கள். சட்டத்தின் சொற்களை மாத்திரம் பார்த்தால் அது சரியே. எந்தச் சமூகத்தின் பெயரும் அதிலே இல்லை. ஆனால், 1946ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஏறக்குறைய 7,80,000 பேராக இருந்த ஒரு சமூகம் 1952ஆம் ஆண்டுத் தேர்தலிலே ஓர் உறுப்பினரைக்கூட அனுப்ப இயலாமற் போனதை எந்தச் சொல்லால் விளக்குவது? 29ஆம் பிரிவு வாசலைக் காத்தது. உள்ளே இருப்பவர் யார் என்று கணக்கெடுக்கும் வேலை மாத்திரம் வாசலுக்கு வெளியே விடப்பட்டிருந்தது என்பதே என் கருத்து.

பின்னர் நடந்தவற்றைச் சுருக்கமாகக் கூறலாம். 1964 ஒக்டோபர் 30ஆந் தேதி சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிய முடிவு 1974இல் வந்தது. குருவிட்ட, இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களிலிருந்தும் குடும்பங்கள் பெட்டி கட்டின. 1972ஆம் ஆண்டின் குடியரசு யாப்பு, அரசியல் நிர்ணய சபை கூடி ஆக்கியது. அதிலே 29ஆம் பிரிவு இல்லை. 1978ஆம் ஆண்டு யாப்பு, வமிசாவழிப் பிரஜை, பதிவுப் பிரஜை என்ற வேற்றுமையை ஒழித்தது. 1988இல் ஒரு சட்டமும், 2003இல் 35ஆம் இலக்கச் சட்டமும் நாடற்றவராய் எஞ்சியிருந்தோரை நோக்கி வந்தன. 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே நிலையாக வாழ்ந்துவந்த இந்திய வமிசாவழியினரும் அவர்தம் வழித்தோன்றல்களும் பிரஜைகள் ஆவர் என்றது 2003ஆம் ஆண்டுச் சட்டம். தந்தை எங்கே பிறந்தார், பாட்டன் எங்கே பிறந்தார் என்று அது கேட்கவில்லை.