ஊசிப் பின்னலும் அதனை அறியும் வகையும்
(சங்க ஆண்டு விழாவில், மகளிர் அமர்வில் ஆற்றிய உரை)



சென்ற ஆண்டு விழாவின்பொழுது இம்மண்டபத்தின் முகப்பில் நம் மகளிர் குழு ஒரு சிறு கைவினைக் காட்சி அமைத்திருந்தது பலருக்கும் நினைவிருக்கலாம். அங்கிருந்த மேசை விரிப்பு ஒன்றின் அருகே, ‘ஊசியால் பின்னிய லேஸ், நாகர்கோவில்’ என்று சீட்டு எழுதி வைத்தோம். நாகர்கோவிலைப் பிறந்தகமாகக் கொண்ட மூதாட்டியார் ஒருவர் குனிந்து பார்த்து, “இதுல ஊசி எங்க மக்களே வந்துது? எங்க அம்மை திண்டுல கட்டை உருட்டியில்லா இதைப் பின்னினா!” என்றார். நாம் விடை அறியாது நின்றோம். அன்று அடைந்த நாணமே இவ்வுரைக்குத் தோற்றுவாய்.

லேஸ் என்று நாம் வழங்குவதனை ஈழத்துத் தமிழர் ரேந்தை என்பர். போர்ச்சுகீசியரின் ‘ரெண்டா’ என்னும் சொல் கடல்வழி வந்து நம் மொழியில் தங்கியது. பெயர் ஒன்றேயாயினும், அதனுள் பிறப்பால் வேறுபட்ட பல பின்னல்கள் அடங்கிக் கிடக்கின்றன. அவற்றுள் ஊசிப் பின்னலுக்குப் புகழ் தேடித் தந்தது இத்தாலியின் வெனிஸ் நகரம். முதலில் துணியிலிருந்து இழைகளை உருவி, எஞ்சிய இழைகளின்மேல் தைத்து அழகு செய்தனர். பதினாறாம் நூற்றாண்டில் துணியையே கைவிட்டு, வெறும் நூலின்மேல் தைக்கத் துணிந்தனர். அதற்கு அவர்கள் இட்ட பெயர் ‘புந்தோ இன் ஆரியா’. காற்றில் இட்ட தையல் என்பது பொருள்.

அஃது என்ன தையல் என்று கேட்பீர்கள். புதியது ஒன்றும் இல்லை. நம் தையற்காரர் சட்டையின் பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கிறாரே, அதே தையல்தான்.

செய்யும் முறையைச் சற்று விரிவாகவே கூறவேண்டும். பதப்படுத்திய தோலில் ஓவியத்தை ஊசியால் குத்திப் பதித்து, அதன் அடியில் இரண்டாக மடித்த துணியைச் சேர்த்துக் கொள்வர். கோடுகளின்மேல் இரண்டு மூன்று இழைகளைக் கிடத்தி, இடையிடையே சிறு தையலிட்டுத் தோலோடும் துணியோடும் பிணிப்பர். இதுவே சட்டம். இதன்பின் ஊசி தோலைத் துளைப்பதில்லை. சட்டத்து இழையைப் பற்றிக்கொண்டு, வரிசை வரிசையாகக் காஜா வளையங்களை நிரப்பிச் செல்கிறது. நெருக்கி இட்டால் பூவிதழ். நெகிழ இட்டால் வலை. பிறகு விளிம்பைக் காஜாவால் மூடித் தடிக்கச் செய்வர். பிரான்சின் அலென்சோன் நகரத்தில் விளிம்பினுள் குதிரை மயிரையும் வைத்துத் தைத்ததுண்டு. முடிவில் இரு துணி மடிப்புகளுக்கும் இடையே கத்தியைச் செலுத்திப் பிணிப்புத் தையல்களை அறுத்தால், பின்னல் தனியே கையில் வந்துவிடும். அலென்சோன் மகளிர் அதனை இறாலின் பெருங்கொடுக்கினால் தேய்த்து மெருகிடுவர். நம் குமரிக் கடலின் சிங்கி இறாலுக்கு அக்கொடுக்கு இல்லை என்பதையும் இடையே சொல்லி வைப்போம்.

வெனிஸ் பின்னலுக்காகப் பிரெஞ்சுப் பணம் வெளியேறுவதைப் பொறாத அமைச்சர் கோல்பேர், 1665இல் அலென்சோன் முதலிய ஊர்களில் அரசுத் தொழிற்கூடங்களை ஏற்படுத்தினார். அங்கு இன்றும் ஒரு சதுர சென்டிமீட்டர் பின்ன ஏழு மணி நேரம் ஆகிறது. முழுத் தேர்ச்சிக்கு 7 முதல் 10 ஆண்டுகள் வேண்டும். 2010இல் யுனெஸ்கோ இக்கலையை மானிட மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது.

வெனிஸை அடுத்த புரானோ தீவிலோ இக்கலை ஒரே ஒரு கிழவியின் விரல்களில் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்த காலமும் உண்டு. ‘சென்சியா ஸ்கார்பரியோலா’ என்று அழைக்கப்பட்ட அவ்வம்மை பழைய தையலைச் செய்வார். பிறருக்குச் சொல்லிக் கொடுக்க அறியார். பள்ளி ஆசிரியை ஒருவர் அருகமர்ந்து, அவர் கையைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டு சிறுமியருக்குப் பயிற்றினார். மீன்பிடி நலிந்து மக்கள் பசித்திருந்த 1872ஆம் ஆண்டில் இவ்வாறு எழுந்த பள்ளி, 1970 வரை நடைபெற்றது. அந்த ஆசிரியை கற்பதற்குள் கிழவியார் கண் மூடியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணும்பொழுது நமக்கு நெஞ்சு பதைக்கிறது.

இனி மூதாட்டியாரின் வினாவுக்கு வருவோம். பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு பின்னலின் அடர்ந்த பகுதியை நோக்குங்கள். சிறு வளையங்கள் ஒன்றில் ஒன்று கோத்து வரிசையாக நின்றால் அஃது ஊசிப் பின்னல். இழைகள் குறுக்கும் நெடுக்குமாக, மேலும் கீழுமாகச் சென்று, நெய்த துணிபோலத் தோன்றினால் அது திண்டுப் பின்னல். திண்டின்மேல் குண்டூசி குத்தி, நூல் சுற்றிய கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுச் செய்வது. இரண்டும் இன்றி, நூல்கள் பிசிறோடு குவிந்து, முன்னும் பின்னும் ஓடியிருந்தால் ஐயமின்றி இயந்திர வேலை. துணியின்மேல் பொறியால் பூத்தைத்து, பின்பு துணியை மருந்தால் கரைத்துவிடும் முறை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வந்தது. தொலைவில் அது வெனிஸ் பின்னலையே ஒத்திருக்கும். ‘கைவேலை அம்மா’ என்று கடைக்காரர் சத்தியமும் செய்வார். விலை கொடுப்பதற்கு முன் வளையத்தைத் தேடுங்கள்.

நாகர்கோவில் லேஸ் திண்டுப் பின்னலே. 1819இல் அங்கு வந்த மால்ட் பாதிரியாரின் துணைவியார் அதனைப் பெண்பிள்ளைகளுக்குக் கற்பித்தார். அவர் மகள் எலைசா, கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்கு அதனைக் கொண்டு சென்றார். திருவிதாங்கூரில் அடிமை முறை 1855இல்தான் ஒழிந்தது. அதற்கு முன்பே, அடிமைப்பட்டிருந்த பெண்கள் சிலர் இப்பின்னலின் கூலியைச் சேர்த்துத் தம் விடுதலையை விலைகொடுத்து வாங்கினர் என்று மிஷன் ஏடுகள் கூறுகின்றன. அக்கட்டைகளை உருட்டிய கைகளின் வரலாற்றைத்தான் நம் சீட்டு ஒரே சொல்லில் அழித்திருந்தது.

இவ்வாண்டு அதே விரிப்பை மீண்டும் வைத்துச் சீட்டைத் திருத்தியிருக்கிறோம். மூதாட்டியார் முழங்கால் நோவால் வர இயலவில்லை. தம் அன்னையார் உருட்டிய கட்டைகளுள் ஆறினைப் பேத்தியிடம் கொடுத்தனுப்பியிருக்கிறார். அவையும் மேசைமேல் உள்ளன. பூதக்கண்ணாடி ஒன்றே உண்டு. ஒருவர்பின் ஒருவராக வந்து பார்க்குமாறு வேண்டுகிறோம்.