வராத நாளின் பொருள்

பள்ளியில் ஒரு பிள்ளையைச் சக பிள்ளைகள் வதைப்பது பற்றித் தமிழ்நாட்டில் பேசும்போது, 2023 ஆகஸ்ட் 9 இரவைத் தாண்டிப் போக முடியாது. நாங்குநேரியில் பிளஸ் டூ மாணவன் ஒருவனை, அதே பள்ளியில் படித்தவர்கள் வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. சாதியைச் சொல்லிப் பள்ளியில் அவனுக்குக் கொடுத்த தொல்லைதான் அதன் முன்கதை. அந்த முன்கதையில் ஒரு விவரம் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அவன் முதலில் யாரிடமும் புகார் சொல்லவில்லை. பள்ளிக்கு வராமல் நின்றான். ஏன் வரவில்லை என்று கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அதன் பிறகுதான் வெட்டு. வதைபடும் பிள்ளையின் முதல் புகார் பெரும்பாலும் வருகைப் பதிவேட்டில்தான் விழுகிறது.

நம் கம்பம் பள்ளத்தாக்கில் அந்தப் புகாரைப் படிப்பது கடினம். விடியுமுன்னே தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிய ஜீப்புகள் கம்பமெட்டுக்கும் குமுளிக்கும் போடிமெட்டுக்கும் ஏறிவிடுகின்றன. ஏலத்தோட்டத்துக்குப் போன அம்மா திரும்பும்போது பொழுது சாய்ந்திருக்கும். காலையில் பிள்ளையைக் கிளப்பிவிடுவது பல வீடுகளில் பாட்டிதான். வயிறு வலிக்குது என்றால் கஷாயம் வைத்துக் கொடுத்துப் படுக்க வைப்பார். அடுத்த திங்கட்கிழமையும் அதே வயிறு வலிக்கும். பள்ளியிலோ, தோட்டத்துக்குப் போகிற குடும்பம், திராட்சை வெட்டுக்குப் போயிருப்பான் என்று காரணம் முன்கூட்டியே தயாராக இருக்கும். 1098, 14417 என்று உதவி எண்கள் உண்டு, நல்ல ஏற்பாடுதான். வீட்டிலுள்ள ஒரே கைபேசி அம்மாவோடு மலையேறிவிட்டால், அந்த எண்ணை எதில் அழுத்துவது?

‘பிள்ளைகளுக்குள் கிண்டல் சகஜம், இதைப் போய்ப் பெரிதாக்கலாமா’ என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். இரண்டு பேர் மாறி மாறிப் பட்டப்பெயர் சொல்லிக்கொண்டு, மதியம் ஒரே டிபன் பாக்ஸைத் திறக்கிறார்கள் என்றால் அது விளையாட்டு. வதை வேறு. நார்வேயில் 1982-இல் மூன்று சிறுவர்கள் உயிரை மாய்த்துக்கொண்ட பிறகு அந்த நாடு விழித்துக்கொண்டது. அங்கே பள்ளி வதையை ஆராய்ந்த டான் ஓல்வியஸ் அதற்கு மூன்று அடையாளங்கள் சொன்னார்: புண்படுத்தும் நோக்கம், திரும்பத் திரும்ப நடப்பது, எதிர்த்து நிற்க முடியாத வலிமை வேறுபாடு. அப்பாவின் தொழிலையோ தோல் நிறத்தையோ சாதியையோ பெயராக்கி வகுப்பே ஒருவனைக் கூப்பிடுகிறது, அவனுக்குத் திருப்பிச் சொல்ல வாய் வரவில்லை. இங்கே மூன்றும் இருக்கின்றன. இதைப் பிள்ளைகளுக்கே விளக்கிவிடலாம், நான்காம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும்.

‘திருப்பி அடி’ என்கிற அறிவுரையும் அதே வலிமை வேறுபாட்டை மறந்துவிடுகிறது. ஐந்து பேர் சூழ்ந்து நிற்கும்போது ஒருவன் கை ஓங்கினால் என்ன ஆகும்? கடைசியில் ஹெட்மாஸ்டர் அறைவாசலில் நிற்பவனும் அவனாகத்தான் இருப்பான்.

இவற்றையெல்லாம்விட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. சொன்னதால்தானே நாங்குநேரிப் பையன் வெட்டுப்பட்டான், பிறகு எந்த முகத்தோடு பிள்ளையைப் பார்த்துச் சொல் என்பது? இந்தக் கேள்விக்கு முன் கொஞ்சம் தலைகுனிந்துதான் நிற்க வேண்டும். சொன்ன பிள்ளையைச் சுற்றி ஒரு காவல் அங்கே இருக்கவில்லை. கேட்பது பாதி வேலை. யார் சொன்னது என்பது வெளியே கசியாமல் பார்ப்பது, இரு தரப்புப் பெற்றோரையும் தனித்தனியே அழைத்துப் பேசுவது, சில வாரங்களுக்காவது வழித்துணைக்கு ஆள் வைப்பது, அடிப்பவனையும் அழைத்து உட்கார்த்திப் பேசுவது, இவை மீதிப் பாதி. நாங்குநேரிக்குப் பின் அமைந்த நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் கட்டும் சாதிக் கயிற்றைத் தடுக்கச் சொன்னது பெரிதாகப் பேசப்பட்டது. கயிறு கண்ணுக்குத் தெரியும், அவிழ்க்கலாம். மதியம் ஒருவன் பக்கத்தில் யாரும் உட்காராததைப் பார்க்க ஆசிரியருக்கு வேறு கண் வேண்டும். பின்லாந்தின் ‘கிவா’ என்ற வதைத் தடுப்புத் திட்டம் சுற்றி நின்று பார்க்கும் பிள்ளைகளிடம் வேலையைத் தொடங்கியது. அவர்கள் சிரிப்பை நிறுத்தினால் அடிப்பவனுக்கு மேடை இல்லை. ‘கோள் சொல்லாதே’ என்று நாம் வாயடைத்து வளர்க்கிற பிள்ளைகள் இவர்கள்தான். தன் லாபத்துக்குப் பிறரை மாட்டிவிடுவது கோள். அடிபடுகிறவனுக்காக வாய் திறப்பதற்கு அந்தப் பெயர் வைக்காதீர்கள்.

காரணம் தெரியாத விடுப்பு மூன்றாம் நாளைத் தொட்டால் பள்ளியிலிருந்து ஒருவர் வீட்டுக்குப் போகட்டும், மாலையில், ஜீப் வந்து இறங்கிய பிறகு. பாட்டியையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். ‘யார் அடித்தது’ என்று ஆரம்பிக்க வேண்டாம், பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். ‘மதியம் யார்கூட உட்கார்ந்து சாப்பிட்டே?’ என்று கேளுங்கள், பதில் வரும்வரை காத்திருங்கள்.