ரயிலை நிறுத்தினால் நோய் நிற்குமா?



இன்று கொரோனாக் காலத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். அது முடிந்த கதைதானே என்று நினைக்க வேண்டாம். நோயைத் தடுக்க அரசு கட்டுப்பாடு போட்டது. ஜனங்களில் சிலர் கேட்டு நடந்தார்கள். சிலர் மீறினார்கள். சிலர் தண்டவாளத்தில் உட்கார்ந்து மறியல் செய்தார்கள். ஏன் அப்படிச் செய்தார்கள்? நாம் வாழும் இந்தக் கொல்கத்தா நகரத்தில் நடந்ததையே எடுத்துக்கொள்வோம்.

2020 மார்ச் 23-ஆம் தேதி மாலை இங்கே ஊரடங்கு தொடங்கியது. மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. பஸ் இல்லை, ரயில் இல்லை. ஜனங்கள் பயந்து வீட்டுக்குள் இருந்தார்கள்.

அப்போது ஒரு சங்கடம் வந்தது. மிட்டாய்க் கடைகளும் மூடிவிட்டன. ரசகுல்லாவும் சந்தேஷும் எதில் செய்கிறார்கள்? பாலைத் திரித்து எடுக்கும் சேனாவில். கடை மூடியதால் சேனா வாங்க ஆள் இல்லை. பால் வாங்கவும் ஆள் இல்லை. மாடு கறப்பதை நிறுத்த முடியுமா? கறந்த பாலைக் கொட்டினார்கள். பால்காரர்களும் கடைக்காரர்களும் அரசிடம் முறையிட்டார்கள். மார்ச் மாதக் கடைசியில் அரசு விதியை மாற்றியது. பகல் 12 மணி முதல் 4 மணி வரை மிட்டாய்க் கடை திறக்கலாம் என்றது. ஊரடங்கில் ரசகுல்லாவா என்று சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பாலை நம்பி எத்தனை குடும்பங்கள் மாடு வளர்க்கின்றன!

சரி, அடுத்த ஆண்டுக்கு வருவோம். 2021-இல் உருமாறிய வைரஸ் வந்தது. அது என்ன உருமாற்றம்?

நம் வகுப்பில் 'மலை' என்ற சொல்லை நூறு தடவை எழுதச் சொல்கிறோம். கை வலிக்கும். கண் அசரும். எங்கேயாவது ஒரு கால் கூடிவிடும். 'மலை', 'மாலை' ஆகிவிடும். வைரஸும் இப்படித்தான். அது நம் உடம்புக்குள் தன்னைத் தானே கோடிக்கணக்கில் பிரதி எடுக்கிறது. பிரதி எடுக்கும்போது பிழை வருகிறது. பெரும்பாலான பிழைகளால் ஒன்றும் ஆவதில்லை. எப்போதாவது ஒரு பிழை வைரஸுக்கு லாபமாகிவிடும். முன்னைவிடச் சுலபமாக ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும். அப்படி வந்ததுதான் டெல்டா. முதலில் இந்தியாவில்தான் அதைக் கண்டுபிடித்தார்கள். முதலில் வந்த வைரஸைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் அது பரவியது.

டெல்டா என்பது கிரேக்க மொழியில் ஓர் எழுத்து. நமக்கு அ, ஆ, இ, ஈ போல அவர்களுக்கு ஆல்பா, பீட்டா, காமா, டெல்டா. ஊர்ப் பெயரை வைத்தால் அந்த ஊர்க்காரர்களுக்குத் தலைகுனிவு. அதனால் உலக சுகாதார நிறுவனம் 2021 மே மாதக் கடைசியில் எழுத்துகளின் பெயரையே வைத்தது. நல்ல காரியம்.

டெல்டா பரவிய நேரத்தில் இங்கே என்ன நடந்தது? தேர்தல். மார்ச் 27 முதல் ஏப்ரல் 29 வரை எட்டுக் கட்டமாக ஓட்டுப்பதிவு நடந்தது. எல்லாக் கட்சியும் கூட்டம் போட்டன. மைதானம் நிறைய ஆட்கள். ஏப்ரல் 22-ஆம் தேதிதான், 500 பேருக்கு மேல் கூட்டம் கூடாது என்று தேர்தல் ஆணையம் சொன்னது. அதற்குள் நோய் ஊரெல்லாம் பரவிவிட்டது. மே மாத நடுவில் மேற்கு வங்காளத்தில் ஒரே நாளில் 20,000 பேருக்கு மேல் நோய் கண்டது.

மே 6-ஆம் தேதி லோக்கல் ரயிலை நிறுத்தினார்கள். மே 16 முதல் பஸ், மெட்ரோ, படகு எல்லாம் நின்றன. சந்தை காலை 7 மணி முதல் 10 மணி வரை மட்டும். நாள் முழுதும் வந்து போகும் ஜனங்கள் அந்த மூன்று மணி நேரத்துக்குள் வர வேண்டும். நேரம் குறைந்தது. கூட்டம் குறையுமா? சாக்கில் நெல்லை அமுக்குவது போல இன்னும் நெருக்கமாகத்தான் ஆகும்.

லோக்கல் ரயிலில் வருகிறவர்கள் யார்? கேனிங்கிலிருந்து சியால்தா ஏறக்குறைய 45 கிலோமீட்டர். அந்தப் பாதையிலும் லட்சுமிகாந்தபூர் பாதையிலும் விடியற்காலையில் ஆயிரக்கணக்கான பெண்கள் ஏறுகிறார்கள். ஜாதவ்பூர், டாக்குரியா, பாலிகஞ்ச் நிலையங்களில் இறங்குகிறார்கள். நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்து, துணி துவைத்து, சமைத்துவிட்டுத் திரும்புகிறார்கள். இந்த ரயிலைச் சிலர் 'ஜி லோக்கல்' என்பார்கள். வங்காளியில் ஜி என்றால் வேலைக்காரி. மரியாதையான பேச்சு இல்லை அது. இவர்களோடு காய்கறி, மீன், பூ விற்கிறவர்களும் கொத்தனார்களும் சித்தாள்களும் வருகிறார்கள்.

ரயில் முழுவதும் நிற்கவும் இல்லை. ரயில்வே ஊழியர்களுக்கும் அவசர வேலைக்காரர்களுக்கும் 'ஸ்டாஃப் ஸ்பெஷல்' ஓடியது. மற்றவர்களுக்கு டிக்கெட் கிடையாது. கண் முன்னால் ரயில் போகிறது. நாம் ஏறக் கூடாது. எப்படி இருக்கும்? வேலைக்கு வராவிட்டால் வேறு ஆள் வைத்துக்கொள்வோம் என்று சில வீட்டுக்காரர்கள் சொன்னார்கள். சிலர் வேலை செய்யாத மாதத்துக்கும் சம்பளம் கொடுத்தார்கள். அவர்களையும் சொல்லத்தான் வேண்டும்.

ஜனங்கள் வேறு வழி தேடினார்கள். நம் ஊரில் குட்டி யானை என்போமே, அந்தச் சின்ன லாரி. இங்கேயும் அதற்கு 'சோட்டோ ஹாத்தி' என்றுதான் பெயர். அதில் நெருக்கியடித்து நின்று வந்தார்கள். ஆட்டோவில் கூட்டாக வந்தார்கள். ரயிலில் போக ஆகும் காசைப் போலப் பல மடங்கு செலவு. நெருக்கமும் குறையவில்லை. ஜூலை 1 முதல் பாதி ஆட்களோடு பஸ் ஓடலாம் என்றார்கள். ஆனால் கட்டணத்தைக் கூட்டினால்தான் கட்டுப்படியாகும் என்று பல தனியார் பஸ்கள் வெளியே வரவே இல்லை.

அதற்கு முன்பே, ஜூன் மாதக் கடைசியில், பொறுமை போய்விட்டது. சோனார்பூர் நிலையத்தில் ஜனங்கள் தண்டவாளத்தில் இறங்கி ரயிலை மறித்தார்கள். மல்லிக்பூரிலும் மறியல். அங்கே போலீசோடு மோதல் ஆனது. கல்லெறிந்ததை நான் சரி என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர்கள் கேட்ட கேள்வி நியாயமானது. எங்களையும் ரயிலில் விடுங்கள், நாங்கள் எப்படிச் சாப்பிடுவது என்று கேட்டார்கள். நோய் பொய் என்று அவர்கள் சொல்லவில்லை.

அக்டோபரில் துர்கா பூஜை வந்தது. பந்தலுக்குள் பார்வையாளர் நுழையக் கூடாது என்று உயர் நீதிமன்றம் 2020-லேயே சொல்லியிருந்தது. 2021-லும் அதே உத்தரவு. ஆனால் பூஜைக்காக இரவுக் கட்டுப்பாட்டை அரசு பத்து நாள் தளர்த்தியது. ஸ்ரீபூமியில் துபாய் நகரத்துப் புர்ஜ் கலீஃபா கோபுரத்தைப் போலப் பந்தல் போட்டார்கள். அதைப் பார்க்கச் சாலையே அடைத்துக்கொண்டது. கடைசியில் அஷ்டமி இரவு பார்வையாளருக்கு அதை மூடினார்கள். லோக்கல் ரயிலோ அக்டோபர் 31-ஆம் தேதிதான் எல்லோருக்குமாக ஓடத் தொடங்கியது. யோசித்துப் பாருங்கள். வேடிக்கை பார்க்க வழி முதலில் திறந்தது. வேலைக்குப் போக வழி பிறகுதான் திறந்தது. பூஜை கூடாது என்று நான் சொல்லவில்லை. பந்தல்காரர், மின்விளக்குக்காரர், மேளக்காரர் பிழைப்பும் அதில்தான் இருக்கிறது. எது முதலில் என்பதுதான் என் கேள்வி.

பிறகு ஒமிக்ரான் வந்தது. இது டெல்டாவையும் மிஞ்சியது. தடுப்பூசி போட்டவர்களையும் தொற்றியது. ஆனால் ஊசி போட்டவர்களில் ஆபத்தான நிலைக்குப் போனவர்கள் குறைவு. 2021 கிறிஸ்துமஸ் அன்று பார்க் ஸ்ட்ரீட்டில் கால் வைக்க இடமில்லை. அன்று மாநிலம் முழுவதும் ஒரு நாளில் நோய் கண்டவர்கள் 1,000-க்கும் குறைவு. இரண்டே வாரத்தில், 2022 ஜனவரி 9-ஆம் தேதி, அது 24,000-ஐத் தாண்டியது.

ஜனவரி 3 முதல் மறுபடியும் கட்டுப்பாடு. பள்ளிகளை மூடினார்கள். அலுவலகத்தில் பாதிப் பேர்தான் வர வேண்டும். லோக்கல் ரயில் பாதிப் பயணிகளோடு மாலை 7 மணி வரைதான் ஓடும் என்றார்கள். முதல் நாளே என்ன ஆயிற்று? ஏழு மணிக்குள் வீடு போய்ச் சேர வேண்டுமே என்று எல்லோரும் சியால்தாவுக்கும் ஹவுராவுக்கும் ஓடினார்கள். பாதிப் பேர் எங்கே? ஒரே ரயிலில் இரண்டு ரயில் கூட்டம். மூச்சுக் காற்றில் பரவும் நோய்க்கு இதைவிட வசதி வேண்டுமா? மூடிய பெட்டி, முகத்துக்கு முகம், பாதிப் பேருக்கு மாஸ்க் தாடையில்.

அன்று மாலையே அரசு நேரத்தை மாற்றியது. இரவு 10 மணி வரை ரயில் ஓடும் என்று அறிவித்தது. கூட்டம் பிரிந்து போக மூன்று மணி நேரம் கூடக் கிடைத்தது. 2021-இல் தண்டவாளத்தில் உட்கார்ந்தவர்கள் கேட்டது புரிய அரசுக்கு நாலு மாதம் ஆனது. இந்தத் தடவை ஒரே நாளில் புரிந்தது.

வேகமாகப் பரவும் நோய் என்றால் கட்டுப்பாடு வேண்டும். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ரயிலைக் குறைக்காமல் கூட்டினால் ஆளுக்கு ஆள் இடைவெளி கிடைக்கும். வேலைக்கு வர வேண்டாம் என்றால் அந்தச் சம்பளத்தை யார் கொடுப்பது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். உத்தரவுக் காகிதத்தில் அந்த வரி இருக்கிறதா என்று பார்க்க நமக்கு இப்போது எழுத்துத் தெரியும். இல்லை என்றால் மனு எழுதவும் தெரியும்.

நான் பேசியது போதும். இனி நீங்கள் சொல்லுங்கள். ரயில் நின்ற அந்த மாதங்களில் உங்கள் வீட்டில் யார் யார் வேலைக்குப் போனார்கள்? எதில் போனார்கள்? எவ்வளவு செலவானது? ஆளுக்கு நாலு வரி நோட்டில் எழுதுங்கள். அடுத்த வாரம் வாசிக்கலாம்.