ஒட்டும் புரதமும் ஒட்டுக் கட்டுதலும்



உயிரணுக்கள் ஒட்டுவதற்குத் துணைநிற்கும் புரதம் ஒன்றையும், அதனை ஆய்வகத்தில் ஆக்கும் முறையையும் பற்றி இன்று பேச முற்படுகிறோம். பொருள் புதிதாகத் தோன்றலாம். ஆனால் கெடா மாநிலத்துத் தோட்டங்களை அறிந்தோர்க்கு ‘ஒட்டு’ என்னும் சொல் புதிதன்று. மங்கில் சேரும் ரப்பர்ப் பால் அமிலம் பட்டதும் ஒட்டித் திரள்வதைக் கண்டிருக்கிறோம். நாற்றின் தண்டில் நல்லின மரத்தின் மொட்டை வைத்து ஒட்டுக் கட்டுவதையும் கண்டிருக்கிறோம். இவ்விரண்டையும் துணைக்கொண்டே இப்பாடத்தைத் தொடங்கலாம்.

பாலிலுள்ள ரப்பர்த் துகள்கள் எதிர்மின்னூட்டம் கொண்டவை. அதனால் ஒன்றையொன்று விலக்கி நிற்கின்றன. அமிலம் அம்மின்னூட்டத்தைக் குறைக்கவே, அவை ஒட்டிக்கொள்கின்றன. இவ்வொட்டு ஆள் பார்ப்பதில்லை. எத்துகளும் எத்துகளோடும் ஒட்டும். உயிரணுக்களின் ஒட்டோ பூட்டும் திறவுகோலும் போன்றது. ஒரு புரதம் தனக்குப் பொருந்தும் புரதத்தையே பற்றும்.

அத்தகைய புரதங்களுள் ஒன்று ‘ஐகேம் 1’. 1986இல் விவரிக்கப்பட்ட இப்புரதம், இரத்தக் குழாய்களின் உட்சுவரில் அமைந்து, அழற்சி நேர்ந்த இடத்தில் வெள்ளணுக்களைப் பற்றி நிறுத்துகிறது. நம்மைக் காக்கும் இந்தப் பிடியை மலேரியா ஒட்டுண்ணியும் பயன்படுத்திக்கொள்கிறது என்பது 1989இல் வெளியான ஆய்வால் தெரியவந்தது. ஃபால்சிபாரம் என்னும் வகை ஒட்டுண்ணி புகுந்த சிவப்பணு, தன் மேற்பரப்பில் ஒட்டுண்ணியின் புரதத்தைத் தாங்குகிறது. அப்புரதம் ஐகேம் 1ஐயும் வேறு சில புரதங்களையும் பற்றுகிறது. சிவப்பணுக்கள் மூளையின் நுண்குழாய்களில் இவ்வாறு ஒட்டித் தேங்குவது, நோயாளி நினைவிழந்து உயிர்துறப்பதற்கு ஒரு காரணமாகிறது.

மலாயாவில் காடழித்து ரப்பர் நட்ட தொடக்க காலத்தில், வெயில் பட்ட ஓடைகளில் கொசு பெருகிற்று. லயங்களில் குளிர்காய்ச்சல் பரவிற்று. கெடாவின் தோட்டங்களும் இதற்கு விலக்கல்ல. நம் முன்னோர் கொய்னா விழுங்கிப் போராடினர். அவர்தம் குருதிக் குழாய்க்குள் நிகழ்ந்தது என்ன என்பதை அன்று அவர்க்குச் சொல்வார் இலர். 2018இல் உள்நாட்டில் தொற்றிய மனித மலேரியா இல்லை என்னும் நிலையை மலேசியா எட்டியது. குரங்குகளிடமிருந்து வரும் நோலசி மலேரியா இன்றும் தொடர்கிறது.

மூளையின் குழாயைத் திறந்து இந்த ஒட்டினைச் சோதிக்க இயலாது. எனவே அறிவியலாளர் மனித மரபணுவிலிருந்து, ஐகேம் 1இன் வெளிப்பகுதிக்குரிய கட்டளையை மட்டும் எடுத்து, வட்ட வடிவ டிஎன்ஏ ஒன்றில் இணைத்து, பாலூட்டியின் உயிரணுக்களுள் செலுத்துகின்றனர். அவ்வுயிரணுக்கள் புரதத்தை ஆக்கி, வேண்டிய சர்க்கரைக் கூறுகளையும் சேர்த்து, வளர்ப்பு நீர்மத்தில் விடுகின்றன. தூய்மைப்படுத்திய புரதத்தைத் தட்டில் பூசி, நோயுற்ற சிவப்பணுக்களை இட்டு, கழுவி, ஒட்டி நிற்பவற்றை எண்ணுகின்றனர். புரதம் பூசாத தட்டொன்றும் அருகில் இருத்தல் வேண்டும். ஒப்பிட அஃதின்றேல் எண்ணிக்கைக்குப் பொருளில்லை.

ஒட்டுக் கட்டுதல் இங்கு ஓரளவே உவமையாகும். அங்கு மொட்டும் வேரடியும் இணைந்து வாழினும் அவற்றின் மரபணுக்கள் கலப்பதில்லை. இங்கோ மரபுக் கட்டளையே வெட்டி இணைக்கப்படுகிறது. ஆதலின் ‘மறுசேர்க்கைப் புரதம்’ என்று எழுதும்போது மாணவர் மயங்க இடமுண்டு. மறுசேர்க்கைக்கு உட்படுவது புரதமன்று; டிஎன்ஏ. ‘மறுசேர்க்கை டிஎன்ஏ வழிப் புரதம்’ என்பது சற்று நீண்டதாயினும் உண்மையைச் சொல்கிறது. ஆசிரியர்கள் அதனையே வழங்குமாறு வேண்டுகிறோம்.

இப்புரதக் குப்பிகளில் ‘ஆய்வுக்கு மட்டும்’ என்றிருக்கும். அது மருந்தன்று. மறுசேர்க்கை வழியில் ஆக்கப்படும் இன்சுலினும் ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசியும் பலபடிச் சோதனைகளைக் கடந்தே மக்களை அடைந்தன. இவ்வேறுபாட்டையும் வகுப்பில் சொல்லுதல் நன்று.

2003இல் நம் பள்ளிகளில் அறிவியல் ஆங்கிலத்துக்கு மாறத் தொடங்கியது; 2012 முதல் படிப்படியாகத் திரும்பியது. அத்தகைய மாற்றங்களுக்கு இடையிலும் சொற்கள் நிலைக்க வேண்டுமாயின், அவை தெளிவாகவும் பிழையின்றியும் இருத்தல் வேண்டும். மங்கையும் ஒட்டுமொட்டையும் அறிந்த பாட்டியிடம், தாம் கற்ற பாடத்தை ஒரு மாணவி தமிழில் விளக்கிச் சொல்ல முடியுமானால், இம்மன்றத்தின் பணி நிறைவேறியதாகக் கொள்வோம்.