மாஸ்க் போட முடியாதவரும் மளிகைக் கடையும்



கொரோனா பரவியதால் 2020 மே 5-ஆம் தேதி கோயம்பேடு மார்க்கெட்டை மூடினார்கள். சில நாட்களிலேயே காய்கறி மொத்த வியாபாரம் திருமழிசைக்கு வந்துவிட்டது. பூந்தமல்லி, ஆவடி, திருநின்றவூர் வட்டாரத்தில் இருந்த எங்களுக்கு அதுவரை டி.வி.யில் பார்த்த நோய், அன்று முதல் வெங்காயமும் தக்காளியும் வரும் பாதைக்கே வந்து சேர்ந்தது. கோயம்பேட்டில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர்கள் மூலமாகக் கடலூரிலும் அரியலூரிலும் விழுப்புரத்திலும் தொற்று ஏறியதை அந்த நாட்களில் பார்த்தோம். கூட்டம் கூடும் கடைவீதி நோயை எங்கெல்லாம் கொண்டுபோகும் என்று அதற்குமேல் யாருக்கும் பாடம் நடத்த வேண்டியிருக்கவில்லை.

அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைக்குள் மாஸ்க் கட்டாயம் என்றது சரியான விதி. அதை எதிர்த்துப் பேச நான் வரவில்லை. மாஸ்க் போடவே முடியாத ஒருவர் வாசலில் வந்து நின்றால் கடைக்காரர் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் என் கேள்வி. அன்றைக்கு நம் ஊர்க் கடை வாசல்களில் அதற்குப் பதில் கிடைக்கவில்லை.

விதி எந்த வடிவில் வந்தது என்று பாருங்கள். 2020 செப்டம்பரில் தமிழக அரசு 1939-ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டத்தைத் திருத்தி, நின்ற இடத்திலேயே அபராதம் போட வழி செய்தது. மாஸ்க் போடாதவருக்கு 200 ரூபாய். பொது இடத்தில் எச்சில் துப்பினால் 500. கட்டுப்பாடுகளை மீறும் கடைகளுக்கு 5,000. மாஸ்க் அபராதம் 2022 ஜனவரியில் 500 ஆனது. மாஸ்க் இல்லாமல் வந்தவர் 200 அல்லது 500 ரூபாயோடு போய்விட முடிந்தது. கட்டுப்பாட்டை மீறியதாகக் கடை மேல் எழுதினால் 5,000. திருநின்றவூரில் ஒரு சின்னக் கடைக்கு அது பல நாள் லாபம். இதற்கு முன்பே, 2020 ஜூன் மாதத்தில், சாத்தான்குளத்தில் கடை நடத்திய ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும், கடை அடைக்கும் நேரம் சம்பந்தமான ஒரு விஷயத்தில் போலீஸ் காவலுக்குப் போன பிறகு உயிரிழந்தார்கள். ஊரடங்கு விதி என்றால் கடைக்காரர்கள் மனதில் எப்படிப்பட்ட பயம் இருந்திருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. இந்தப் பயமெல்லாம் கடைசியில் வந்து இறங்கியது வாசலில் நின்ற செக்யூரிட்டி மேல்.

அந்தக் காலத்தில் ஒரு சாயங்காலம், சென்னை–திருவள்ளூர் (சி.டி.எச்.) சாலையில் ஒரு சூப்பர் மார்க்கெட் வாசலில் நான் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் ஓர் அம்மா, ஐம்பது வயது இருக்கும். பக்கத்தில் அவர் மகன், அவரைவிட ஒரு தலை உயரம். அம்மா மாஸ்க்கை மாட்டிவிடுகிறார், பையன் உடனே பிடுங்கிக் கீழே போடுகிறான். காதில் அந்த ரப்பர் கயிறு பட்டதும் உடம்பே பதறுகிறது அவனுக்கு. செக்யூரிட்டி வேலை பார்த்தவரும் சின்னப் பையன்தான், கையில் காய்ச்சல் பார்க்கும் கருவி. "அம்மா, தம்பிக்கு மாஸ்க் போட்டு விடுங்கம்மா" என்றான். "அவனுக்கு ஆட்டிசம்ப்பா. காதுல எது பட்டாலும் தாங்க மாட்டான்." "எனக்குப் புரியுதும்மா. ஆனா உள்ள கேமரா இருக்கு, என்னைத்தான் கேப்பாங்க. நீங்க மட்டும் போயிட்டு வாங்க." "இவனைத் தனியா ரோட்டுல விட்டுட்டு நான் எப்படிப்பா போறது?" வரிசையில் பின்னாலிருந்து ஒருவர், "எல்லாருக்கும் ஒரு சட்டம், இவங்களுக்கு ஒரு சட்டமா?" என்று சத்தம் போட்டார். அந்த அம்மா பதில் பேசவில்லை. மகன் கையைப் பிடித்துக்கொண்டு ஸ்டேஷன் பக்கமாக நடந்துவிட்டார்.

அவர் கையில் ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. நாலைந்து சாமான்தான் எழுதியிருக்கும். அதை வாங்கி உள்ளே கொடுத்திருந்தால் ஐந்து நிமிட வேலை. அந்தக் கடையில் யாருக்கும் அது தோன்றவில்லை, ஏனென்றால் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்ததெல்லாம் உள்ளே விடுவது அல்லது விடாமல் இருப்பது, இந்த இரண்டு மட்டும்தான்.

மாஸ்க் போட முடியாதவர்கள் என்று யாரைச் சொல்கிறோம்? எண்ணிக்கையில் அவர்கள் குறைவு. வீசிங் இருக்கிறது, மாஸ்க் போட்டால் மூச்சு முட்டுகிறது என்று பலர் சொன்னார்கள். ஆஸ்துமா கட்டுப்பாட்டில் இருப்பவர்களில் பெரும்பாலோர் சாதாரண மாஸ்க் போடலாம் என்றுதான் நுரையீரல் மருத்துவர்கள் சொன்னார்கள். நிஜமாகவே முடியாதவர்கள் வேறு. நுரையீரல் நோய் முற்றி நாலு எட்டு நடந்தாலே மூச்சு வாங்குபவர்கள், ஆட்டிசம் உள்ள சிலர், மறதி நோய் வந்த முதியவர்கள், முகத்தில் தீக்காயம் பட்டவர்கள், மூச்சு முட்டினால் தன் கையால் மாஸ்க்கைக் கழற்ற முடியாத அளவுக்குக் கை வராதவர்கள். சின்னக் குழந்தைகளும் உண்டு. ஐந்து வயதும் அதற்குக் கீழும் உள்ள குழந்தைகளுக்கு மாஸ்க்கைக் கட்டாயமாக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2020 ஆகஸ்டிலேயே சொன்னன. நம் மத்திய சுகாதாரத் துறையின் வழிகாட்டுதல் 2021 ஜூனில் அதையே சொன்னது.

காது கேளாதவர்கள் விஷயத்தை நாம் பெரும்பாலும் யோசிக்கவே இல்லை. அவர்களில் பலர் எதிரில் இருப்பவரின் வாயசைவைப் பார்த்துப் புரிந்துகொள்பவர்கள். அவர்கள் மாஸ்க் போடுவதில் சிரமம் இல்லை. கடைக்காரர் மாஸ்க் போட்டதில்தான் சிரமம். பில் போடும் பெண் "சில்லறை இருக்கா?" என்று கேட்கிறாள், இவருக்கு வெறும் துணிதான் தெரிகிறது. மூன்று முறை கேட்டுவிட்டு அவள் எரிச்சல்படுகிறாள், பின்னால் நிற்பவரும் முணுமுணுக்கிறார். இதை வாடிக்கையாளருக்கு விலக்கு கொடுத்துத் தீர்க்க முடியாது. கல்லாப் பக்கத்தில் ஒரு நோட்டும் பேனாவும் வைத்தால் தீரும். தொகையைக் கால்குலேட்டரில் தட்டிக் காட்டினால் தீரும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதை நான் மனதாரச் சொல்கிறேன். வாடிக்கையாளர் கடைக்குள் இருப்பது பத்து நிமிடம். ஊழியர் இருப்பது பத்து, பன்னிரண்டு மணி நேரம், வருகிற ஒவ்வொருவரின் மூச்சுக்கும் முன்னால். தமிழ்நாட்டில் கடை ஊழியர்கள் உட்கார நாற்காலி கொடுக்க வேண்டும் என்று சட்டம் திருத்தியதே 2021-ல்தான். அதுவரை நின்றே வேலை பார்த்த அந்தப் பெண்களிடம் போய், மாஸ்க் போடாதவர்களையும் ஏசி ஓடுகிற மூடிய கடைக்குள் விடுங்கள், நோய் வந்தால் நீங்கள் தாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. மாஸ்க் போட முடியாதவருக்கும் அந்தக் கூட்டம் நல்லதில்லை. எங்கள் திருநின்றவூர் இருதயாலீஸ்வரர் கோயிலுக்கு இதய நோய்க்காரர்கள் எங்கிருந்தெல்லாமோ வேண்டிக்கொண்டு வருகிறார்கள், பூசலார் நாயனார் மனதிலேயே கோயில் கட்டிய தலம் என்ற நம்பிக்கையில். அப்படி வருகிறவர்களைப் போல இதயமும் நுரையீரலும் பலவீனப்பட்டவர்களைத்தான் கொரோனா அதிகம் வாட்டியது. மாஸ்க் இல்லாமல் அவர்களை நெரிசலுக்குள் அனுப்புவதை உதவி என்று சொல்ல முடியுமா?

மற்ற நாடுகள் என்ன செய்தன? இங்கிலாந்தில் 2020 ஜூலை 24 முதல் கடைகளில் மாஸ்க் கட்டாயம் ஆனது. முடியாதவர்களுக்கு விலக்கும் கொடுத்தார்கள், சான்றிதழ் காட்டத் தேவையில்லை என்றும் சொன்னார்கள். மனிதர் சொல்வதை நம்பும் முறை அது. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் ஜயண்ட் ஈகிள் என்ற மளிகைக் கடை நிறுவனம் விலக்கு தரவில்லை. அதற்குப் பதிலாக, மாஸ்க் போட முடியாதவர்களின் சாமான்களை ஊழியரே எடுத்துத் தருவது, வாசலுக்குக் கொண்டுவந்து கொடுப்பது என்று வேறு வழிகளை வைத்தது. எங்களை உள்ளேயே விட வேண்டும் என்று சிலர் வழக்குப் போட்டார்கள். 2020 அக்டோபரில் நீதிமன்றம் அவர்களுக்கு இடைக்கால உத்தரவு தர மறுத்துவிட்டது. கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாண மனித உரிமைத் தீர்ப்பாயத்துக்கு இப்படிப் புகார்கள் குவிந்தன. 2021-ல் அது ஒரு பெண்ணின் புகாரை விசாரணைக்கு எடுக்காமலே தள்ளிவிட்டு, காரணத்தை எல்லோரும் படிக்க வெளியிட்டது. மாஸ்க்கால் பயனில்லை என்று நினைப்பதும், மாஸ்க் பிடிக்கவில்லை என்பதும் மாற்றுத்திறன் ஆகாது, உடல் நிலையைப் பற்றிக் குறைந்தபட்சத் தகவலாவது தர வேண்டும் என்றது.

நம் நாட்டிலும் சட்டம் இல்லாமல் இல்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது, ஆட்டிசமும் செவித்திறன் குறைபாடும் அதில் உண்டு. மாற்றுத்திறன் காரணமாக ஒருவரை ஒதுக்கக் கூடாது என்கிறது அதன் மூன்றாம் பிரிவு. ஒதுக்கியே ஆக வேண்டுமென்றால், ஒரு நியாயமான நோக்கத்துக்காகவும் அந்த நோக்கத்துக்குத் தேவையான அளவோடும் இருக்க வேண்டும். நடத்துபவர் தாங்க முடியாத சுமையைச் சுமக்காமல் செய்யக்கூடிய மாற்று ஏற்பாட்டைப் பற்றியும் அந்தச் சட்டம் பேசுகிறது. நோய் பரவாமல் தடுப்பது நியாயமான நோக்கம், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரு தாயை வெறும் பையோடு திருப்பி அனுப்புவது அந்த நோக்கத்துக்குத் தேவையா? சாமானை வாசலில் கொடுத்தாலும் நோய் தடுக்கப்படத்தானே செய்கிறது?

என் நிலை இதுதான். மூடிய கடைக்குள் மாஸ்க் இல்லாமல் வர விடமாட்டேன் என்று சொல்ல கடைக்காரருக்கு உரிமை உண்டு, அதற்கு மருத்துவ விலக்கும் தர வேண்டியதில்லை. ஆனால் பொருள் இல்லை என்று சொல்ல அவருக்கு உரிமை கிடையாது. வாசலில் வந்து சீட்டை வாங்கி, எடுத்துக் கொடுத்து, காசு வாங்க வேண்டும். கூடுதல் பணம் கேட்கக் கூடாது. வெயிலில் நிற்க வைக்காமல் ஒரு நாற்காலி போட வேண்டும்.

எங்கள் ஊர் பழைய மளிகைக் கடைகள் இதைச் செய்துதான் வந்தன. அண்ணாச்சி கடையில் வாடிக்கையாளர் எப்போதும் வெளியே, சாமான் உள்ளே. கொரோனா காலத்தில் ஒரு கயிற்றைக் கட்டி, குறுக்கே ஒரு மேசையைப் போட்டு, தரையில் சுண்ணாம்பு வட்டம் வரைந்தார்கள். சீட்டை வாட்ஸ்அப்பில் வாங்கிக்கொண்டார்கள். அங்கே காற்றோட்டம் இருந்தது, யாரும் யாரையும் உள்ளே விட வேண்டியிருக்கவில்லை. தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு நாமே எடுக்கும் பெரிய கடைகள் வந்த பிறகுதான் வாசல் ஒரு தடையானது. வசதி அதிகம் உள்ள அந்தக் கடைகளுக்குத்தான் பொறுப்பும் அதிகம்.

ஒருவரே நேரில் வந்தாக வேண்டிய இடங்களுக்கு இந்த ஏற்பாடு போதாது. ரேஷன் கடையில் கைரேகை வைக்க வேண்டும், வங்கியில் ஓய்வூதியத்துக்குப் பலர் நேரில் கையெழுத்துப் போட வேண்டும், ஆஸ்பத்திரிக்கு உடம்பைத்தான் கொண்டுபோக வேண்டும். அங்கெல்லாம் விலக்கு கொடுத்தே ஆக வேண்டும். காலையில் கூட்டம் சேருவதற்கு முன் ஒரு நேரம் ஒதுக்கலாம், ஜன்னல் திறந்த இடத்தில் உட்கார வைக்கலாம். பட்டுப்புடவையும் நகையும் வாங்குவதை நாலு மாதம் தள்ளிப் போடலாம். ரேஷன் அரிசியைத் தள்ளிப் போட முடியாது.

சான்றிதழ் கேட்கலாமா என்றால், கேட்கக் கூடாது என்பேன். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை கையில் இருப்பவர் காட்டலாம். இல்லாதவரிடம், தெருவில் பத்து பேர் பார்க்க, உனக்கு என்ன நோய் என்று கேட்கும் அதிகாரத்தை ஒரு செக்யூரிட்டிக்குக் கொடுக்கக் கூடாது. பொய் சொல்லி ஏமாற்றுவார்களே என்ற கேள்வி வரும். ஏமாற்றி என்ன கிடைக்கப் போகிறது? அவருக்கும் வாசலில்தான் சாமான். விலக்கு என்றால் பொய்க்கு லாபம் இருக்கிறது, வாசல் ஏற்பாட்டில் இல்லை. இங்கிலாந்தின் முறையைவிட இதை நான் விரும்புவதற்கு முக்கியக் காரணம் இதுவே.

மாஸ்க் போட முடிந்தும் போடாதவர்கள்தான் எண்ணிக்கையில் அதிகம். அவர்களை மாற்றியது எது? வங்கதேசத்தில் 600 கிராமங்களில் சுமார் மூன்றரை லட்சம் பேரிடையே நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2021-ல் வந்தது. இலவசமாக மாஸ்க் கொடுத்து, ஊர்ப் பெரியவர்கள் முன்மாதிரியாகப் போட்டுக் காட்டி, தெருவில் பார்க்கும்போது அன்பாக நினைவூட்டினார்கள். அபராதம் போடவில்லை. 13 சதவீதமாக இருந்த மாஸ்க் பழக்கம் 42 சதவீதமாக உயர்ந்தது. சர்ஜிக்கல் மாஸ்க் கொடுத்த கிராமங்களில் அறுபது வயதைத் தாண்டியவர்களிடம் நோய் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. நம் ஊரிலும் ரேஷன் கடை வழியாக ஆளுக்கு இரண்டு துணி மாஸ்க் இலவசமாகக் கொடுத்தார்கள். மூன்று அடுக்கு மாஸ்க் 10 ரூபாய்க்கு மேல் விற்கக் கூடாது என்று 2020 மார்ச்சில் மத்திய அரசு விலை கட்டியது. கடை வாசலில் ஒரு பெட்டி நிறைய மாஸ்க் வைத்து, மறந்து வந்தவருக்கு ஒன்று எடுத்துக் கொடுத்தால் பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

2025 ஜனவரியில் எச்.எம்.பி.வி. என்ற வைரஸ் பற்றிய செய்தி வந்தது. சென்னையிலும் சேலத்திலும் தலா ஒருவருக்கு இருப்பதாகச் சொன்னார்கள், உடனே மாஸ்க் பேச்சும் வந்துவிட்டது. அது பெரிதாகாமல் போனது. அடுத்தது எப்போது வரும் என்று தெரியாது. வரும்போது ஒரே நாளில் அவசரமாக விதி எழுதுவார்கள், அதில் அபராதத் தொகை மட்டும்தான் தெளிவாக இருக்கும். திருநின்றவூர் இப்போது நகராட்சி. வியாபார உரிமத்தைப் புதுப்பிக்கும்போது எத்தனையோ நிபந்தனைகளில் கையெழுத்து வாங்குகிறார்கள். அதில் ஒரு நிபந்தனை கூடச் சேர்க்கலாம்: தொற்றுநோய் காலத்தில் கடைக்குள் வர முடியாதவருக்கு வாசலிலேயே பொருள் கொடுக்க ஏற்பாடு வேண்டும், அழைப்பு மணியும் போன் நம்பரும் வெளியே எழுதியிருக்க வேண்டும் என்று. வணிகர் சங்கங்கள் இதை அரசு சொல்லும்வரை காத்திருக்கவும் வேண்டாம். அடுத்த கூட்டத்தில் எடுத்துப் பேசலாம். அப்படிப் பேசும்போது ஆட்டிசம் பிள்ளைகளின் பெற்றோர் இரண்டு பேரையும், காது கேளாதவர் ஒருவரையும் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேளுங்கள்.