கிளினிக் கொப்பி யார் கையில்?

(ரத்தோட்டையில் நடந்த தோட்டத் தலைவர்கள், மாதர் சங்கத்தினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கம்பியூட்டர் விஷயம் பேசப் போகிறேன் என்றதும் பின்னால் இரண்டு பேர் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார்கள். பரவாயில்லை. முதலில் நம் கொப்பியைப் பற்றிப் பேசுவோம்.

என் அம்மா பிரஷருக்கும் சீனி வருத்தத்துக்கும் கிளினிக் போகிறவர். ஒரு மழைக்கு லயத்துக் கூரை ஒழுகி, கொப்பி நனைந்து, மை கரைந்துவிட்டது. அடுத்த கிளினிக்கில் டொக்டர் என்ன மருந்து என்று கேட்க, "ஒரு வெள்ளைக் குளிசை, ஒரு ரோஸ் குளிசை" என்றார் அம்மா. டொக்டர் பாவம், என்ன செய்வார்? இரத்தப் பரிசோதனையிலிருந்து திரும்பவும் ஆரம்பித்தார். அம்மாவுக்கு இரண்டு நாள் பேர் போச்சு.

இன்னொன்று இதைவிடப் பெரியது. மலையில் சறுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்டவருக்கு டிஸ்பென்சரிப் புத்தகத்தில் "இடுப்பு வலி" என்று மட்டும் எழுதியிருந்தால் என்ன ஆகும்? தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் 1934 முதல் இந்த நாட்டில் இருக்கிறது. ஆனால் கேட்கப் போனால், வேலை நேரத்தில் விழுந்ததற்கு என்ன அத்தாட்சி என்பார்கள். அந்தப் புத்தகமோ பல தோட்டங்களில் கம்பனி சம்பளம் கொடுக்கும் ஆளின் மேசையில் இருக்கிறது.

இப்போது ஆஸ்பத்திரிப் பதிவுகள் கம்பியூட்டருக்குப் போகின்றன. நோயாளிக்குத் தனிநபர் சுகாதார இலக்கம் கொடுக்கிறார்கள். நல்லதுதான், நனையாது. ஆனால் கம்பியூட்டரில் இருப்பதும் காணாமல் போகும். 2023 ஓகஸ்டில் அரசாங்கத்தின் கம்பியூட்டர் சேமிப்பை வைரஸ் தாக்கி, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் அழிந்தன. அமைச்சரவை அலுவலகத்துடையதும் போனது. அந்த மாதங்களுக்கு வேறு பிரதி இல்லை.

இதற்கு மருந்தாகத்தான் பிளாக்செயின் என்ற பெயரைச் சொல்கிறார்கள். கொழுந்து நிறுக்கும் இடத்தை நினைத்துப் பாருங்கள். கணக்கப்பிள்ளையின் ஒரே புத்தகத்தில் கிலோவை எழுதினால், பின்னேரம் 18 என்பது 16 ஆகலாம். அதே எண்ணை அதே நேரத்தில் நாலு பேர் நாலு புத்தகத்தில் எழுதினால்? ஒருவர் திருத்தினால் மற்ற மூன்றும் காட்டிக் கொடுக்கும். அதோடு ஒவ்வொரு வரியும் முந்திய வரியின் கைரேகை போன்ற ஒரு குறியைச் சுமந்திருக்கும். நடுவில் ஒரு எழுத்தை மாற்றினாலும் அதற்குப் பின்னால் உள்ள குறிகள் பொருந்தாது. அவ்வளவுதான் விஷயம்.

சுமார் 13 இலட்சம் பேர் வாழும் எஸ்தோனியா என்ற ஐரோப்பிய நாட்டில் மருத்துவப் பதிவுகளைக் காக்க இந்த வகை முறை இருக்கிறது. நோய் விவரத்தை அந்தச் சங்கிலியில் போடுவதில்லை. குறியை மட்டும்தான் போடுகிறார்கள். எனக்குப் பிடித்தது அதுகூட இல்லை. அங்கே ஒரு நோயாளி தன் அடையாள அட்டையைக் கொண்டு உள்ளே போய், தன் பதிவை எந்த டொக்டர், எந்த நாள் திறந்து பார்த்தார் என்று தானே பார்க்கலாம். மற்றவர் பார்க்காமல் பூட்டவும் செய்யலாம்.

நாம் கேட்க வேண்டியது அதைத்தான். ஒரு பிள்ளை கர்ப்பமாக இருப்பதும், ஒருவருக்குக் காச நோய் இருப்பதும் தோட்ட ஒபீசுக்குத் தெரிய வேண்டியதில்லை. வேலைக்கு வரமுடியுமா, எத்தனை நாள் லீவு என்ற சான்றிதழ் போதும். பிரசவச் சகாயம் கேட்கும்போது எதைக் காட்டுவது என்பதை அந்தப் பெண்ணே முடிவு செய்யட்டும். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நல விவரத்துக்குத் தனிக் காவல் கொடுக்கிறது. ஆனால் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவேண்டிய அதன் முக்கியப் பகுதிகளைத் தள்ளிப்போட்டார்கள். சங்கம் இதை விடக்கூடாது.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். பிளாக்செயின் பொய்யை உண்மையாக்காது. முதலில் "இடுப்பு வலி" என்று எழுதினால் அதுதான் அழியாமல் நிற்கும். பெயரும் அப்படித்தான். செக்ரோலில் ராமாயி, அடையாள அட்டையில் இராமாய், கிளினிக்கில் சிங்களத்தில் எழுதி வாசித்தால் ராமையா. சேமலாப நிதி எடுக்கப் போய் இந்த எழுத்துப் பிழையால் அலைந்தவர்கள் இங்கேயே இருக்கிறீர்கள். மூன்று பெயர் கம்பியூட்டருக்கு மூன்று ஆள்.

அதனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாதர் சங்கத் தங்கச்சிமார் லயம் லயமாக வருவார்கள். கிளினிக் கொப்பி, பிள்ளைகளின் சுகாதாரப் பதிவேடு, அடையாள அட்டை மூன்றையும் எடுத்து வையுங்கள். பெயரும் பிறந்த திகதியும் ஒத்துப் போகிறதா என்று பார்த்து, பிழையானதைப் பட்டியல் போடுவார்கள். யாருக்கு என்ன வருத்தம் என்று அவர்கள் கேட்க மாட்டார்கள், நீங்களும் சொல்ல வேண்டாம். வேலையில் அடிபட்டால் அன்றைக்கே, மலை நம்பரோடு, "வேலை செய்யும்போது விழுந்தது" என்று எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் உடனே தோட்டத் தலைவருக்குச் சொல்லி அனுப்புங்கள்.