இடிபட்ட வீட்டிலிருந்து ஒரு தோட்டம்

இன்று பட்டம் வாங்கும் பிள்ளைகளே, சித்தூரில் பல வீடுகளில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு என்பதால் உங்கள் கல்லூரியில் தமிழிலேயே பேசச் சொன்னார்கள். எனக்கும் அதுவே நிறைவு.

தோட்டக்கலைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஓய்வுக்குப் பிறகு திருப்பதியிலும் இங்கேயும் இளம் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு ஊருக்குள் பொதுத் தோட்டம் போட்டுவருகிறேன். அதில் எனக்குப் படிந்த நம்பிக்கை ஒன்றுதான். ஊர்த் தோட்டத்தைக் காசு கொடுத்து வாங்காதீர்கள். ஊர் கழித்துப் போட்டதை வைத்துக் கட்டுங்கள். கட்டுகிற வேலையை இளசுகளிடம் விடுங்கள். கட்டியவர்களுக்குத்தான் பழுது பார்க்கத் தெரியும்.

திருப்பதியில் ஒரு பள்ளிக்கூடத்தின் பின்புறம் குப்பை கொட்டிக் கிடந்த இடத்தில் பாத்தி கட்டினோம். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த பையன்கள், படிப்பைப் பாதியில் நிறுத்திய பெண்கள், இவர்கள்தான் பயிற்சிக்கு வந்தவர்கள். பக்கத்துத் தெருவில் ஒரு பழைய ஓட்டு வீட்டை இடித்துக்கொண்டிருந்தார்கள். சுண்ணாம்புக் காரையில் கட்டிய வீடு. சிமெண்டுச் சுவரை இடித்தால் செங்கல் உடைந்துபோகும். சுண்ணாம்புச் சுவரின் கல்லோ முழுசாகக் கழன்று வரும். கொத்தித் தட்டி எடுத்து, இடுப்பளவு உயரத்துக்குப் பாத்தி எழுப்பினார்கள். மண்ணோடு தென்னைநார்க் கழிவும் மட்கிய குப்பையும் கலந்து நிரப்பி, கத்தரி, தக்காளி, புளிச்சக்கீரை வைத்தோம்.

சில வாரங்களில் இலை வெளுத்தது. நரம்பு பச்சையாக இருக்க, நடுவே மட்டும் மஞ்சள். பூச்சி என்றார் ஒருவர், தண்ணீர் போதவில்லை என்றார் இன்னொருவர். பயிற்சிக்கு வந்த ஒரு பெண் மூன்று பாத்திகளையும் சுற்றிவந்து, "சார், சுவர் ஓரத்துச் செடிதான் மஞ்சளா இருக்கு, நடுவுல இருக்கறது நல்லாத்தான் இருக்கு" என்றாள். பத்தாம் வகுப்பைத் தாண்டாத பெண். விடை அந்த ஒரு வாக்கியத்திலேயே இருந்தது. கல்லில் ஒட்டியிருந்த சுண்ணாம்பு தண்ணீரில் கரைந்து ஓர மண்ணைக் காரமாக்கியிருந்தது. கார மண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால் எடுத்துக்கொள்ள முடியாது. உட்பக்கச் சுவரைச் சுரண்டிவிட்டு ஓர மண்ணை மாற்றினோம். புதுத் துளிர் பச்சையாக வந்தது. அந்தப் பெண் இன்று புதிதாக வருகிறவர்களுக்குப் பாத்தி கட்டச் சொல்லித்தருகிறாள். இந்தக் கதையை நான் போகிற இடமெல்லாம் சொல்வேன். பாத்திச் சுவரைத் தன் கையால் அடுக்கியவள் என்பதால்தான் அவள் கண் சுவர் ஓரத்துக்குப் போனது.

2021 நவம்பர் மழை உங்களுக்கு நினைவிருக்கும். திருப்பதியில் தெருக்கள் ஆறாக ஓடின. எங்கள் பாத்தி ஒன்றின் மூலை சரிந்துவிட்டது. தண்ணீர் வடிந்ததும் பிள்ளைகளே கல்லைப் பொறுக்கி மறுபடி அடுக்கிவிட்டார்கள். யாருக்கும் மனு எழுதவில்லை, டெண்டருக்குக் காத்திருக்கவில்லை.

இது புதிய யோசனையும் இல்லை. சண்டிகரில் சாலை ஆய்வாளராக இருந்த நேக் சந்த், நகரம் கட்ட இடித்த கிராமங்களின் உடைசல்களைச் சேர்த்து 1957 முதல் யாருக்கும் தெரியாமல் ஒரு தோட்டம் கட்டினார். 1975இல் அதிகாரிகள் கண்ணில் பட்டது. 1976இல் மக்களுக்குத் திறந்தார்கள். சோவியத் ஒன்றியம் உடைந்து எண்ணெயும் உரமும் நின்றுபோன கியூபாவில், ஹவானா மக்கள் காலி மனைகளில் உடைந்த கற்களையும் பழைய கூரைத் தகடுகளையும் வரம்பாக வைத்து உயரப் பாத்தி கட்டிக் காய்கறி விளைவித்தார்கள்.

ஆனால் கழிவு எல்லாம் தோட்டத்துக்கு ஆகாது. பூச்சிமருந்து டிரம்மை எத்தனை முறை கழுவினாலும் தொட்டியாக்காதீர்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும். அந்தப் பலகை வேண்டாம். சரக்கு வரும் பேலட் கட்டையில் முத்திரையைப் பாருங்கள்: எச்.டி. என்றால் சூட்டில் பதப்படுத்தியது, எடுத்துக்கொள்ளலாம்; எம்.பி. என்றால் மீதைல் புரோமைடு புகை போட்டது, தொடாதீர்கள். மொட்டை மாடியென்றால் முதலில் கணக்குப் போடுங்கள். ஆட்கள் நடமாடும் மாடிக்கு நம் கட்டட விதி வைத்திருக்கும் சுமை சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. ஈர மண்ணை 20 சென்டிமீட்டர் உயரம் பரப்பினாலே 350 கிலோவைத் தொடும். அதனால்தான் மண்ணைக் குறைத்து, எடை குறைந்த தென்னைநார்க் கழிவைக் கலக்கச் சொல்கிறேன்.

கழிவை வைத்துத் தோட்டம் போடும் பழக்கம் எனக்கு வந்தது, 1961இல் தொடங்கிய திருப்பதி வேளாண் கல்லூரியில். அறுபதுகளின் கடைசியில் நான் அங்கே மாணவன். விடுதிக் குளியலறைத் தண்ணீர் ஓடும் சாக்கடை ஓரம் நாங்கள் வாழையும் சேம்பும் வைத்திருந்தோம். அந்த வாழைக்காய் சமையல்காரர் கையில் வறுவலாகி வந்த ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது. மண்ணைப் பற்றி வகுப்பில் படித்ததைவிட அந்தச் சாக்கடை ஓரத்தில்தான் அதிகம் கற்றேன் என்று என் பேராசிரியரிடமே சொன்னேன். அவர் மகிழ்ந்தார்.

நாளொன்றுக்கு ஒருவருக்குக் குறைந்தது 400 கிராம் காயும் பழமும் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கூலி வேலைக்குப் போகும் வீடுகளில் அதை வாங்கிச் சாப்பிட முடிகிறதா என்று உங்கள் தெருவிலேயே கேட்டுப் பாருங்கள். முடியாத வீட்டுக்குத்தான் ஊர்த் தோட்டம். ஆந்திரத்தில் 2016இல் தொடங்கிய இயற்கை விவசாயத் திட்டம் 2024இல் குல்பென்கியன் என்ற சர்வதேசப் பரிசைப் பகிர்ந்துகொண்டது. அதில் எனக்குப் பிடித்தது, பயிரிட்டுப் பார்த்த விவசாயியே அடுத்த விவசாயிக்கு வாத்தியார் ஆனதுதான். வயலில் நடந்தது நகரத்திலும் நடக்க வேண்டும். அதற்கு உங்களைப்போல் படித்தவர்கள், படிப்பை நிறுத்தியவர்களோடு ஒரே பாத்தியில் குனிய வேண்டும்.

சித்தூரில் கழிவுப் பொருளுக்கா பஞ்சம்? தோத்தாபுரி மாங்காய் வந்து குவியும் மாதங்களில் கூழ் ஆலைகளிலிருந்து தோலும் கொட்டையும் மலையாகக் கிடக்கும். தனியாகப் போட்டால் புளித்து நாறும். காய்ந்த சருகும் வேர்க்கடலைத் தோலும் அடுக்கடுக்காகச் சேர்த்தால் நல்ல எருவாகும்.

கல்லூரி முதல்வர் ஐயாவிடம் ஒரு வேண்டுகோள். உள்ளே வரும்போது, வடக்குப் பக்கம் இருக்கும் பழைய விடுதியைக் கோடை விடுமுறையில் இடிக்கப்போவதாகச் சொன்னீர்கள். அந்தக் கல்லை ஒப்பந்தக்காரருக்கு விற்றுவிடாதீர்கள். அடுத்த ஆண்டு சேரும் பிள்ளைகளுக்கும் இந்தத் தெருப் பிள்ளைகளுக்கும் ஒதுக்கிக் கொடுங்கள். கல்லைக் கொத்தித் தர அந்தத் திருப்பதிப் பெண்ணையும் அழைத்துக்கொண்டு நானே வருகிறேன்.